கால் கிராம் தூள்

பீடியில் தாமிரபரணிக் கரையில் விளைந்த பொருள் எதுவும் கிடையாது. இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது. கோடையில் அங்குள்ள ஆதிவாசிகள் பறித்து, கட்டுக்கட்டாக வெயிலில் உலர்த்தி அனுப்புவது. புகையிலைத் தூள் குஜராத்தின் ஆனந்த், கேடா வட்டாரங்களிலிருந்தும் கர்நாடகத்து நிப்பாணியிலிருந்தும் வருகிறது. பேட்டை, மேலப்பாளையம், முக்கூடல், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், இப்போது தென்காசி மாவட்டத்துக்குள் போய்விட்ட ஆலங்குளம், கடையம் என்று இந்தப் பள்ளத்தாக்கு கொடுப்பதெல்லாம் பெண்களின் விரல்களைத்தான்.

கடையில் எடை போட்டு வாங்கிவந்த இலையை நனைத்து, ஈரத்துணியில் சுற்றிவைத்து, பதமானதும் அளவுத் தகட்டை வைத்துக் கத்தரிக்க வேண்டும். பிறகு மடியில் சொளவை வைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகைத் தூளைப் பரப்பிச் சுற்றி, நூலால் ஒரு கட்டு, நுனியை மடித்து ஓர் அழுத்து. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டே, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, கண் பார்க்காமல் விரல் இதைச் செய்துவிடும். அந்த ஒரு சிட்டிகை ஏறக்குறைய 0.2 கிராம். ஒரு சிகரெட்டில் இருப்பதில் சுமார் நாலில் ஒரு பங்கு.

இந்த அளவுதான் ஏமாற்றுகிறது. "சிகரெட்டெல்லாம் தொடுறதில்ல, பீடிதான், அதுவும் நாலஞ்சு" என்று டாக்டரிடம் சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி தெரியும். கால் கிராமுக்கும் குறைந்த தூள் ஓர் ஆளை என்ன செய்துவிடும்? உடம்புக்குள் அந்தப் புகை போகிற வழியைப் பின்தொடர்ந்து போனால் கிடைக்கிற விடை எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. நுரையீரலும் இதயமும் ரத்தக்குழாயும் எத்தனை நுட்பமாகச் செய்யப்பட்டவை என்பதை, அவை எத்தனை சிறிய தொந்தரவில் கெடுகின்றன என்பதிலிருந்துதான் மருத்துவம் பெரும்பாலும் கற்றுக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்த இலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிகரெட் தாளில் நுண்துளைகள் உண்டு. பக்கவாட்டில் காற்று புகுந்து புகையைக் கொஞ்சம் நீர்க்கச் செய்யும். பற்றவைத்துக் கீழே வைத்தாலும் தானே எரிந்துகொண்டிருக்கும். பீடி இலை காற்றை விடாது. இழுக்காமல் விட்டால் அணைந்துபோகும். ஆகவே பீடி குடிக்கிறவர் அடிக்கடி இழுக்கிறார், ஆழமாகவும் இழுக்கிறார். 1990களில் வாசனையூட்டிய பீடிகள் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவத் தொடங்கியபோது அங்குள்ள ஆய்வாளர்கள் கவலைப்பட்டு இதை அளந்து பார்த்தார்கள். பீடித் தூளில் ஒரு கிராமுக்கு 21 மில்லிகிராம் நிகோடின். அவர்கள் ஊர் ஃபில்டர் சிகரெட்டின் புகையிலையில் 16. புகைத்துப் பார்த்தபோது, அளவில் சிறிய பீடியிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடும் தாரும் சிகரெட்டுக்குக் குறையவில்லை, கூடுதலாகவே இருந்தன. தூள் குறைவு என்ற கணக்கு வாயருகிலேயே தோற்றுவிடுகிறது.

இனி நுரையீரல். நம் மார்புக்குள் முப்பது கோடிக்கும் மேற்பட்ட காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் விரித்துப் போட்டால் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி பரப்பு வரும். அந்தப் பரப்பு முழுவதிலும் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கிற திரையின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு சிவப்பணு அந்தத் திரையை ஒட்டி நிற்பது முக்கால் விநாடிதான். அதற்குள் அது கரியமில வாயுவை விட்டுவிட்டு ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ள வேண்டும். திரை இவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் அது முடிகிறது. அதே மென்மையால் நிகோடினும் தடையில்லாமல் உள்ளே போகிறது: இழுத்த பத்து இருபது விநாடிக்குள் மூளையை எட்டிவிடும். கையில் ஊசி போட்டுக்கொண்டாலும் இத்தனை வேகமாகப் போகாது.

கார்பன் மோனாக்சைடு அந்த முக்கால் விநாடியில் செய்யும் வேலை இன்னும் மோசம். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விரும்புவதைப்போல இருநூறு மடங்குக்கும் மேலாகக் கார்பன் மோனாக்சைடை விரும்புகிறது. ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது. புகைப்பவரின் ஹீமோகுளோபினில் ஐந்து முதல் பத்து சதவீதம் இப்படி அடைபட்டுக் கிடப்பது சாதாரணம். மலையேறாமலேயே அவருடைய இதயம் மலைமேல் நிற்பவரின் இதயம்போல உழைக்க வேண்டியிருக்கிறது.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்மயிர்கள் உண்டு. அவை ஓயாமல் அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். புகை அவற்றை முதலில் மந்தமாக்கும், பிறகு உதிர்க்கும். காலையில் எழுந்ததும் இருமி இருமித் துப்புகிறாரே பீடிக்காரத் தாத்தா, நுண்மயிர் சத்தமில்லாமல் செய்ய வேண்டிய வேலையைத்தான் அவர் மார்பால் செய்துகொண்டிருக்கிறார். ஆண்டுகள் போகப்போகக் காற்றுப் பைகளின் நடுச்சுவர்கள் உடைந்து, பல சிறிய பைகள் சில பெரிய பைகளாகும். அந்த 750 சதுர அடி சுருங்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், பிறகு நடந்தால், பிறகு குளித்துத் துவட்டினாலே. இழந்த பரப்பைத் திருப்பித் தரும் மருந்து இல்லை.

கிருமியை வெளியே தள்ளும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் முழுதும் மேற்கோள் காட்டப்படுகிற சான்று தமிழ்நாட்டிலிருந்து போனது. சென்னையைச் சேர்ந்த தொற்றுநோயியல் ஆய்வாளர் வி. கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் உடன் ஆய்வாளர்களும் சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளைத் தேடிப்போனார்கள். எதனால் இறந்தார், புகைத்தாரா என்று குடும்பத்தாரிடம் கேட்டுப் பதிந்தார்கள். உயிரோடிருக்கிற 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். 2003இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. புகைத்தவர்களிடையே காசநோய்ச் சாவு புகைக்காதவர்களைவிட நாலு மடங்குக்கும் அதிகம். இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகைதான் காரணம். அதுவரை காசநோயையும் புகையிலையையும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளாக நிர்வகித்துவந்த உலகம் இந்த ஆய்வுக்குப் பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியது. விழுப்புரத்துக் கிராமங்களில் அவர்கள் கண்ட புகை பெரும்பாலும் பீடிப் புகை.

நுரையீரலைத் தாண்டி ரத்தத்துக்குள் போகிற புகைதான் என்னை அதிகம் யோசிக்கவைப்பது. ரத்தக்குழாய் என்றதும் நமக்கு நினைவு வருவது கன்னடியன் கால்வாய் மாதிரி ஒரு தடம். மண் மேடிட்டால் தண்ணீர் குறையும், தூர்வாரினால் பழையபடி ஓடும். டாக்டர்களும் "அடைப்பு" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் கால்வாயின் கரை எதையும் உணராது. ரத்தக்குழாயின் சுவருக்கு உணர்வு உண்டு. ரத்தத்தின் வேகத்தை அது அளக்கிறது, அளந்து தன் விட்டத்தை மாற்றிக்கொள்கிறது. விட்டம் கொஞ்சம் மாறினாலே பெரிய வித்தியாசம் வந்துவிடும்: ஒரே அழுத்தத்தில், குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது பாய்மங்களின் விதி. அதனால் இந்த நுண்மாற்றத்தைத் தீர்மானிப்பது யார் என்பது உயிர்போகிற கேள்வி. அதற்கு விடை தற்செயலாகத்தான் கிடைத்தது.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியலாளர் முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டியெடுத்த பட்டைகளை உப்புநீரில் தொங்கவிட்டு, எந்த மருந்துக்குச் சுருங்குகிறது, எதற்கு விரிகிறது என்று பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் போட்டால் பட்டை சுருங்கும். 1953இல் அவரே அதை எழுதியிருந்தார். ஆனால் உயிருள்ள உடம்பில் அதே பொருளைச் செலுத்தினால் குழாய்கள் விரிந்தன. கால் நூற்றாண்டு காலம் இந்த முரண் அப்படியே கிடந்தது. 1978இல் ஒருநாள் உதவியாளர் சோதனையின் படிகளை வரிசை மாற்றிச் செய்துவிட, அதே வகை மருந்துக்குத் தமனி சுருங்காமல் விரிந்தது. ஃபர்ச்காட் அதை ஒதுக்கிவிடவில்லை. தேடித் தேடிப் போனதில் காரணம் வெட்டும் முறையில் இருந்தது. இத்தனை ஆண்டுகளும் பட்டையாக வெட்டும்போது உட்புறம் ஏதாவதொன்றில் உரசி, அங்கே ஒட்டியிருந்த ஓர் அடுக்குச் செல்கள் உதிர்ந்துபோயிருந்தன. அந்த அடுக்கு இருந்தால் தமனி விரிகிறது, இல்லாவிட்டால் சுருங்குகிறது.

அவர் அடுத்துச் செய்தது எனக்கு மிகப் பிடித்த சோதனைகளில் ஒன்று. உள்ளடுக்கு உரசிப்போன ஒரு பட்டையை எடுத்து, உள்ளடுக்கு பத்திரமாக இருக்கிற இன்னொரு பட்டையின் முகத்தோடு முகம் வைத்துக் கட்டினார். மருந்து போட்டதும் செல்லடுக்கு இழந்த பட்டையும் விரிந்தது. பக்கத்துப் பட்டையிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து வந்து அதற்குத் தகவல் சொல்கிறது. 1980இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடு வாயு என்பது 1987 வாக்கில் உறுதியானது. சில விநாடி மட்டுமே உயிர் வாழும் ஒரு வாயு நம் ரத்தக்குழாய்களை ஆளுகிறது என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. ஃபர்ச்காட்டுக்கும் லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் மூராட் ஆகியோருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருந்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரை உடம்புக்குள் இதே வாயுவாகத்தான் வேலை செய்கிறது.

இந்தச் செல்லடுக்கு உடம்பின் எல்லா ரத்தக்குழாய்களிலும் இருக்கிறது, எங்கும் ஒரே ஒரு செல் கனத்தில். குழாயை விரிப்பதோடு, ரத்தத்தட்டுகள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும், கொழுப்பும் வெள்ளணுக்களும் சுவருக்குள் நுழையாமல் தடுப்பதும் அதன் பொறுப்பு. புகையில் உள்ள வினைவேகம் மிகுந்த ஆக்சிஜன் துகள்கள் நைட்ரிக் ஆக்சைடைப் பிறந்த இடத்திலேயே அழித்துவிடும். 1993இல் டேவிட் செலெர்மேயரின் குழு, பார்ப்பதற்கு நல்ல ஆரோக்கியத்தோடிருந்த 200 பேரின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கி, பிறகு தளர்த்தி, புஜத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளந்தது. தளர்த்தியதும் ரத்தம் வேகமாகப் பாயும்போது நல்ல தமனி விரிந்து கொடுக்கும். புகைத்தவர்களின் தமனி சரியாக விரியவில்லை. இளைஞர்கள் அவர்கள், ஈசிஜி எடுத்தாலும் ஒன்றும் தெரியாத வயது. மாரடைப்பு வருவதற்குப் பத்து இருபது ஆண்டு முன்பே குழாயின் சுவர் உணர்விழந்துபோயிருக்கிறது.

உணர்விழந்த சுவரில்தான் கொழுப்புப் படிவு வளரும். மாரடைப்பைப் பற்றி ஒரு தவறான படம் பலர் மனத்தில் இருக்கிறது: குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைந்து, கடைசியில் முழுதாக மூடிக்கொள்கிறது என்று. பெரும்பாலும் நடப்பது வேறு. பாதிகூட அடைக்காத ஒரு படிவு திடீரென்று வெடிக்கிறது. உள்ளிருக்கும் கொழுப்பு ரத்தத்தைத் தொட்டவுடன் காயம்பட்டதாக நினைத்துக்கொண்டு ரத்தத்தட்டுகள் குவிந்து உறைகின்றன. சில நிமிடங்களில் குழாய் மூடிவிடும். அதனால்தான் நேற்றுவரை வயலில் நாற்று சுமந்த ஆள் இன்று விழுகிறார். புகை படிவை வளர்க்கிறது, ரத்தத்தட்டுகளை எளிதில் ஒட்டவைக்கிறது, இதயத்துக்கு வேண்டிய ஆக்சிஜனையும் குறைத்து வைத்திருக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில்.

இதற்கு எண் கொடுத்தது இன்டர்ஹார்ட் என்ற ஆய்வு. சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் முதல் மாரடைப்போடு வந்தவர்களையும் மாரடைப்பு வராதவர்களையும் ஒப்பிட்ட பெரிய முயற்சி அது. புகையிலை பற்றிய பகுதி 2006இல் தனியாக வந்தது. புகைக்கிறவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 2.95 மடங்கு. பீடி மட்டும் குடிக்கிறவர்களைப் பிரித்துப் பார்த்தார்கள்: 2.89 மடங்கு. நாலில் ஒரு பங்கு தூள், ஆனால் இதயத்துக்கு ஏறக்குறைய அதே அபாயம்.

குறைவாகக் குடித்தால் குறைவான கேடு என்ற கணக்கும் ரத்தக்குழாயிடம் செல்லாது. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் குடிப்பவரிடம், இருபது குடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருப்பதைக் காட்டியது. புற்றுநோய் மொத்த அளவை எண்ணிக்கொண்டிருக்கும். செல்லடுக்குக்கு முதல் சில இழுப்புகளே போதும். "நாலஞ்சுதான்" என்கிற நிம்மதிக்கு அடிப்படை இல்லை.

நம் பக்கம் நெஞ்சு வலித்தால் முதலில் வருகிற பேச்சு "வாயுவாத்தான் இருக்கும்" என்பது. சோடாவும் பெருங்காயமும் கொடுத்துப் பார்ப்பதில் ஒரு மணி நேரம் போகும். இதயத் தசை அரை மணியிலிருந்தே சாகத் தொடங்கிவிடும். 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் இந்த இடைவெளியைக் குறிவைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, மாரடைப்பு என்று சந்தேகம் வந்தவுடன், மருத்துவ ஆலோசனையோடு 14 மாத்திரைகளை ஒரே தடவையில் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நாலு, அட்டார்வாஸ்டாட்டின் எட்டு. முதல் இரண்டும் ரத்தத்தட்டுகள் குவிவதைத் தடுப்பவை. மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு வந்துசேர்வதற்குள் உறைவு பெருகாமல் இருப்பது எத்தனை பெரிய விஷயம் என்பது இந்தப் பாதையில் நோயாளியோடு ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும்.

இதயத்தைவிடக் குறைவாகப் பேசப்படுகிற ஒன்று கால். முப்பது, முப்பத்தைந்து வயது ஆண். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. கொஞ்ச தூரம் நடந்தால் பாதம் வலிக்கிறது, நின்றால் விடுகிறது. பாதம் எப்போதும் சில்லிட்டுக் கிடக்கிறது, நிறம் மாறுகிறது. பிறகு ராத்திரியில் படுத்தால் விரல் வலி. காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப்போட்டால் கொஞ்சம் தேவலை. நகம் வெட்டிய இடத்தில் சிறு புண், ஆறாது. விரல் கறுக்கிறது. செருப்புக் கடி என்றும் ஆணி என்றும் நினைத்து மாதங்கள் போயிருக்கும். இது பியூர்கர் நோய்.

1879இல் ஆஸ்திரிய மருத்துவர் ஃபெலிக்ஸ் ஃபான் வினிவார்ட்டர் இதை ஒரு நோயாளியிடம் கண்டு முதலில் விவரித்தார். 1908இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் லியோ பியூர்கர் துண்டிக்கப்பட்ட பதினொரு கை கால்களை அறுத்து ஆராய்ந்து, உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று எழுதினார். கொழுப்புப் படிவு எதுவும் இல்லை. சிறிய, நடுத்தரத் தமனிகளிலும் சிரைகளிலும் அழற்சி, அதன்மேல் உறைவு. சுவரின் கட்டமைப்பு பெரும்பாலும் சிதையாமல் இருக்கிறது, குழிக்குள் மட்டும் அழற்சிச் செல்கள் நிறைந்த கட்டி. இந்த நோயில் எனக்குத் திகைப்பைத் தருவது, ஏறக்குறைய எல்லா நோயாளியும் புகையிலைக்காரர் என்பது. புகையிலையை ஒருவருடைய உடம்பு எதிரியாகக் கண்டு தன் குழாயையே தாக்குகிறது என்றுதான் இன்றைய கருத்து போகிறது. எல்லாப் புகைப்பவருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை.

கால் தமனி நோயோடு வருபவர்களில் மேற்கு ஐரோப்பாவில் இது அதிகபட்சம் ஐந்தாறு சதவீதம். இந்தியாவுக்கு மருத்துவ இதழ்கள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுகிற பழைய கணக்கு 45 முதல் 63 சதவீதம். வங்கதேசத்தில் நடந்த ஆய்வுகள் சிகரெட்டைவிடப் பீடியோடு இந்த நோயை நெருக்கமாகப் பிணைத்தன.

நரம்பு முடிச்சை வெட்டிக் குழாயை விரியவைப்பது, வயிற்றுக் கொழுப்புத் திரையைக் காலுக்கு இறக்கித் தைப்பது என்று இந்திய அறுவை மருத்துவர்கள் பலதும் செய்து பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு வலி குறைகிறது, புண் ஆறுகிறது. ஆனால் நோயின் போக்கையே மாற்றுவது ஒன்றுதான். அமெரிக்காவில் ஜெஃப்ரி ஓலினின் குழு 1990இல் வெளியிட்ட தொடர் கவனிப்பில், புகையை அறவே விட்டவர்களில் 94 சதவீதம் பேர் எந்தத் துண்டிப்பும் இல்லாமல் தப்பினார்கள். விடாதவர்களில் 43 சதவீதம் பேர் விரலோ காலோ இழந்தார்கள். மருத்துவத்தில் இத்தனை தெளிவாகப் பிரிகிற இரண்டு பாதைகள் அபூர்வம். ஒன்றிரண்டு பீடி என்று குறைத்துக்கொண்டவர் இரண்டாவது பாதையில்தான் இருக்கிறார்.

சுற்றுகிற பெண்கள் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. பிரிக்கப்படாத நெல்லை மாவட்டத்தில் லட்சக்கணக்கான வீடுகள் இந்தச் சொளவை நம்பி நடந்தவை. கல்யாணமும் காதுகுத்தும் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்து வந்தன. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஒரு பீடியும் குடித்ததில்லை. ஆனால் பீடித் தொழிலாளரின் சிறுநீரைச் சோதித்தால் கோட்டினின் இருக்கிறது. நிகோடின் உடம்புக்குள் போய் உருமாறிய பொருள் அது. ஈர விரல்களின் தோல் வழியாகவும் மூச்சில் கலந்த தூசி வழியாகவும் நிகோடின் போயிருக்கிறது. தூள் வைத்திருக்கிற அறைதான் பெரும்பாலும் படுக்கிற அறையும். அங்கே குழந்தையும் தூங்குகிறது. தும்மலும் இருமலும் இளைப்பும் தொழிலோடு வந்தவை என்று எடுத்துக்கொண்டே வாழ்கிறார்கள். விறகடுப்பும் சேர்ந்திருந்த வீடுகளில் நுரையீரலுக்கு இரட்டைச் சுமை. 1966இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது, 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது, முக்கூடலில் அவர்களுக்கென்று மத்திய அரசு ஒரு மருத்துவமனையும் வைத்திருக்கிறது. ஆனாலும் கையுறையும் முகக்கவசமும் இந்த வேலைக்கு ஒத்துவருவதில்லை. கையுறை போட்டால் விரலுக்கு இலையின் பதம் தெரியாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்போது வேகம் குறைவது வயிற்றில் அடிப்பது.

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடியின் வரியை 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைக்க முடிவு செய்தது, சிகரெட்டுக்கு 40. தொழிலாளர் வாழ்வாதாரம் என்பது காரணம். 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடி குடிக்கிறார்கள், சிகரெட் 4 சதவீதம்தான். சிகரெட்டைவிட ஏறக்குறைய இரட்டிப்புப் பேர் குடிப்பதும் அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள் என்பதும் தெரிந்தே விலையைக் கீழே வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சுற்றுகிற பெண்ணைக் காப்பாற்ற வேறு வேலைக்கும் பயிற்சிக்கும் பணம் ஒதுக்கலாம். அவள் வீட்டுக்காரரின் காலைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. 2008இல் பிரபாத் ஜாவின் குழு நியூ இங்கிலாந்து ஜர்னலில் கணக்கிட்டது: பீடி குடிக்கும் இந்திய ஆணின் ஆயுள் சராசரியாக ஆறு ஆண்டும், பெண்ணின் ஆயுள் எட்டு ஆண்டும் குறைகிறது.

விட்டால் என்ன ஆகும் என்பதில்தான் ரத்தக்குழாய் தாராளமாக நடந்துகொள்கிறது. கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் ரத்தத்தை விட்டு வெளியேறிவிடும். ரத்தத்தட்டுகளின் ஒட்டும் குணம் சில வாரங்களில் தணியும். செலெர்மேயரின் ஆய்வில் பழைய புகைப்பாளர்களின் தமனிகள், இப்போதும் புகைப்பவர்களைவிட நன்றாக விரிந்தன. செல்லடுக்குக்கு மீளத் தெரிந்திருக்கிறது. இன்டர்ஹார்ட்டில் 2.95 ஆக இருந்த அபாயம் விட்ட மூன்றாண்டுக்குள் 1.87க்கு இறங்கியது. உடைந்த காற்றுப் பைகள் திரும்பாவிட்டாலும் மேலும் உடைவது மெதுவாகும்.

விடுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பத்து இருபது விநாடி வேகம்தான் மூளையைக் கட்டிப்போடுகிறது. தானாக முயல்பவர்களில் பெரும்பாலோர் முதல் தடவையிலேயே வெல்வதில்லை, இரண்டாம் மூன்றாம் முயற்சியில் விடுகிறவர்கள் நிறைய. நிகோடின் சூயிங்கமும் மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் வாய்ப்பு கூடுகிறது. 2018 செப்டம்பரிலிருந்து புகையிலைப் பொதிகளின்மேல் அச்சிடப்படுகிற 1800 112 356 என்ற கட்டணமில்லாத எண்ணில் பேசலாம். பியூர்கர் நோய் வந்தவருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு: அவருக்கு அந்த நிகோடின் சூயிங்கத்தையும் டாக்டர்கள் கூடியவரை தவிர்க்கிறார்கள். வெற்றிலையோடு போடுகிற புகையிலைத் துண்டும் கூடாது.